தூங்கி எழுந்ததும் தறிகெட்டு ஆடும் டச் ஸ்கிரீன்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். திரையை முழுக்கப் பின்னால் மடிக்கக்கூடிய லேப்டாப், பழையதாக வாங்கியது, விண்டோஸ் 11. இரவு மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் சில நாள் டச் வேலையே செய்வதில்லை. சில நாள் வலது ஓரத்தில் யாரோ விரல் வைத்த மாதிரி தானாகவே அழுந்தி, ஃபைல்கள் திறந்து மூடுகின்றன. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஐப்பசி மழைக்கு அப்புறம்தான் ஆரம்பித்ததாம். பக்கத்துக் கடையில் "உப்புக்காத்து உள்ள போயிருச்சு, ஸ்கிரீனை மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். "அண்ணே, மாத்தித்தான் ஆகணுமா?" என்கிறார்.

கேள்வி ஸ்கிரீனைப் பற்றியது போலத் தெரிந்தாலும், கேட்க வேண்டியது வேறு. கோளாறு கண்ணாடியிலா, அந்தக் கண்ணாடியைத் தூங்க வைத்து எழுப்புகிற ஏற்பாட்டிலா? ராமநாதபுரத்தில் பல வருடமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு மாற்ற வேண்டாம், தம்பி. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. துரு ரீஸ்டார்ட் செய்தால் போகாது. விரிசல் விட்ட கண்ணாடியும் ரீஸ்டார்ட்டில் ஒட்டிக்கொள்ளாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். லேப்டாப்பின் டச் கண்ணாடிக்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளில் செய்தவை பெரும்பாலும். விரல் பக்கத்தில் வந்தால் அந்தக் கோடுகளுக்கு இடையே மின்னேற்றம் தாங்கும் அளவு கொஞ்சம் மாறும். கன்ட்ரோலர் என்கிற சின்ன சிப் அந்த மாற்றத்தை அளந்து, விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடும். மாற்றம் என்றால் எதிலிருந்து மாற்றம்? யாரும் தொடாதபோது இருக்கிற நிலையை அது முதலில் ஒரு அளவாக எடுத்து வைத்துக்கொள்கிறது. எழுந்திருக்கும்போது அந்த அளவு தப்பாகப் பதிந்துவிட்டால் அப்புறம் நடப்பதெல்லாம் கூத்துதான். உங்கள் கம்பெனி எடை மிஷினில் மீன் கூடையை வைத்தபடி ஜீரோ போட்டுவிட்டு, பிறகு கூடையை எடுத்தால் மைனஸில் காட்டுமே, அதே கதை. கண்ணாடியில் ஈரமோ விரலோ இருக்கும்போது அடிப்படை அளவு பதிந்துவிட்டால், ஈரம் காய்ந்ததும் விரல் விலகியதும் அந்த இடத்தில் என்னவோ நடக்கிறது என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். தானாகத் தொடுவது பல சமயம் இப்படித்தான் வருகிறது.

இப்போது தூக்கம். லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டால் விண்டோஸ் டச் கன்ட்ரோலருக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். எழுப்பும்போது "எழுந்திரு, புதிதாக ஆரம்பி" என்று கட்டளை அனுப்பும். பழைய வகைத் தூக்கத்துக்கு எஸ்3 என்று பெயர். மெமரிக்கு மட்டும் மின்சாரம் இருக்கும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். புதிய மாடல்கள் பலவற்றில் இருப்பது மாடர்ன் ஸ்டாண்ட்பை. போன் மாதிரி அரைத்தூக்கம். எந்த வகையாக இருந்தாலும், எழுப்பும் கட்டளைக்குக் கன்ட்ரோலர் நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றால் அன்றைக்கு டச் கிடையாது. ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாமே முதலிலிருந்து தொடங்குவதால் சரியாகிவிடுகிறது. இது டிரைவர் (விண்டோஸுக்கும் சாதனத்துக்கும் இடையில் பேசுகிற மென்பொருள்), பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி மிஷினைத் தொடங்கிவைப்பது), கன்ட்ரோலருக்குள்ளேயே பதிந்திருக்கிற மென்பொருளான ஃபர்ம்வேர், இந்த மூன்றில் ஒன்றின் குறையாக இருப்பதுதான் அதிகம்.

ஆனால் "தூங்கி எழுந்த பிறகு" என்று நீங்கள் ஒரே விஷயமாகச் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மூடியை மூடுகிறீர்கள். மிஷின் தூங்குகிறது. ராத்திரி கழிந்து காற்றின் ஈரம் மாறுகிறது. மூன்றையும் பிரிக்காமல் எந்தக் கடைக்காரரும், நான் உட்பட, காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. பிரிப்பது கஷ்டமில்லை, காசும் ஆகாது.

மூடியைத் திறந்தே வைத்து, ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனை அழுத்தி ஸ்லீப் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கீபோர்டைத் தட்டி எழுப்புங்கள். இப்படிப் பல முறை. பிறகு கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று அமைத்துவிட்டு, தூங்கவிடாமல் வெறுமனே மூடித் திறந்து பாருங்கள். மூடாமல் தூங்கினாலும் கோளாறு வருகிறது என்றால் தூக்கம்தான் காரணம், மென்பொருள் பக்கம் போங்கள். தூங்காமல் வெறுமனே மூடித் திறந்தாலே வருகிறது என்றால் கீல் வழியாகப் போகிற கேபிள்தான் முதல் சந்தேகம். முழுக்க மடிக்கிற மாடலில் அந்தத் தட்டையான கேபிள் ஒவ்வொரு தடவையும் வளைந்து நிமிர்கிறது. நான் முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான்: தளர்ந்த கேபிள் இணைப்பும் சில நேரம் ரீஸ்டார்ட்டில் தற்செயலாகப் பிடித்துக்கொள்ளும். திரையின் கோணத்தை மெதுவாக மாற்றும்போது டச் வந்து போகிறது என்றால் கேபிள் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம். கேபிளை எடுத்து மறுபடி செருகவோ மாற்றவோ ஆகிற செலவு, ஸ்கிரீனுக்கு ஆவதில் ஒரு பங்குதான்.

கோளாறு வருகிற காலையிலேயே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. உடனே ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். செய்தால் தடயமெல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் பட்டனையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். அதில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்பதை விரித்து, எச்ஐடி கம்ப்ளையன்ட் டச் ஸ்கிரீன் என்ற வரியைத் தேடுங்கள். வரியே இல்லை என்றால் கன்ட்ரோலர் பதிலே சொல்லவில்லை, கேபிளோ ஃபர்ம்வேரோ. வரி இருந்து மஞ்சள் முக்கோணம் போட்டிருந்தால், அல்லது அதே பட்டியலில் ஐ2சி எச்ஐடி டிவைஸ் (ஐ2சி என்பது டச் கன்ட்ரோலரை மிஷினோடு இணைக்கிற உள்வழி) என்பதில் கோட் 10 என்று காட்டினால், டிரைவர் அதை எழுப்ப முயன்று தோற்றிருக்கிறது. வரி நன்றாக இருந்தும் தானாகத் தொடுகிறது என்றால் டிரைவரை விட்டுவிட்டு ஈரத்தையும் சார்ஜரையும் பாருங்கள். அதே வரியில் வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள், கொஞ்சம் பொறுத்து எனேபிள் கொடுங்கள். ரீஸ்டார்ட் இல்லாமல் இதிலேயே சரியானால் கண்ணாடி மேல் பழி போட இடமே இல்லை. டிஸேபிள் செய்த பிறகும் தானாகக் கிளிக் ஆகிறதா? அப்படியானால் குற்றவாளி டச் ஸ்கிரீனே அல்ல, கீழே இருக்கிற டச்பேட். அதோடு பாம் ரெஸ்ட், அதாவது டச்பேடின் இருபக்கமும் கை வைக்கிற இடம், கொஞ்சம் மேலே எழும்பியிருந்தாலோ, மூடி முழுக்க மூடாமல் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள், மற்ற சோதனையெல்லாம் அப்புறம்.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னது வெறும் கதை இல்லை. பாம்பன் பக்கம் இரும்பு படும் பாடு ஊருக்கே தெரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட வேண்டியிருந்தது என்றால் லேப்டாப்புக்குள் இருக்கிற முடி அளவு செம்புக் கோடு எம்மாத்திரம். ஆனால் உப்பு இரண்டு விதமாக வேலை செய்யும், இரண்டையும் குழப்பக்கூடாது. உள்ளே போய் அரிப்பது ஒன்று. அது நாளாக ஆக மோசமாகுமே தவிர, காலையில் வந்து ரீஸ்டார்ட்டுக்குப் பயந்து ஓடாது. கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிவது இன்னொன்று. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் நம் கரையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். வெயில் ஏறினால் இறங்கும். காலையில் கண்ணாடி மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம், அது மின்சாரத்தைக் கடத்தும், அந்த நிலையிலேயே லேப்டாப் எழுந்து அடிப்படை அளவை எடுக்கிறது. ஐப்பசிக்கு அப்புறம் ஆரம்பித்தது, காலையில் மட்டும் வருவது, இரண்டும் இதோடு பொருந்துகின்றன. பொருந்துகிறது என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் இல்லை. மத்தியானம் நல்ல வெயிலில் அதே மாதிரி மூடி, தூங்கவைத்து, எழுப்பிப் பாருங்கள். மத்தியானமும் அதே அளவுக்கு வந்தால் ஈரத்தைச் சந்தேகப்படத் தேவையில்லை.

ஏசி அறையில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்று. 24 டிகிரியில் குளிர்ந்த லேப்டாப்பைப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோய், படகு வந்த நேரத்தில் கணக்குப் போட அங்கேயே திறக்கிறீர்கள். வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பிலும் பனி பிடிக்கும். கண்ணாடி வியர்க்கும், மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது தெரியும். பையிலேயே கொஞ்ச நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு, துணியால் துடைத்துவிட்டுத் திறங்கள். கண்ணாடி மேல் பாதுகாப்புக்கு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் அதையும் ஒரு வாரம் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்றுக்குமிழி இருக்கிற இடமெல்லாம் ஈரம் தங்கும்.

வலது ஓரம் என்று நீங்கள் சொன்னது என்னை வேறொன்றும் யோசிக்க வைக்கிறது. மூடியை எப்படித் திறக்கிறீர்கள்? பெரும்பாலானவர்கள் வலது கைக் கட்டைவிரலைத் திரையின் ஓரத்தில் கொடுத்துத் தூக்குகிறார்கள். ஓரச்சட்டம் மெலிந்துபோன இந்தக் கால மாடல்களில் அந்த விரல் பாதி கண்ணாடி மேலேயே இருக்கும். திறந்த நொடியில் லேப்டாப் எழுகிறது, விரல் அங்கேயே இருக்கிறது. மூலையை மட்டும் பிடித்துத் திறந்து ஒரு வாரம் பாருங்கள். தானாகத் தொடுவது ஒவ்வொரு நாளும் அச்சு மாறாமல் ஒரே இடத்தில் வந்தால் விரல், சட்டம் அழுத்துவது, ஓரத்தில் ஈரம் இறங்குவது போன்ற காரணங்கள். நாளுக்கு ஒரு இடமாகத் தாவினால் சார்ஜர் பக்கம் சந்தேகம்.

சார்ஜர் விஷயத்தை நம் பக்கத்தில் பலர் கவனிப்பதே இல்லை. அடாப்டர் வெளிவிடுகிற சின்னக் கசிவு மின்னோட்டமும் இரைச்சலும் எர்த் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகியிருந்தால், அல்லது சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தும் பின்னால் எர்த் கம்பி இல்லையென்றால், அந்த இரைச்சல் லேப்டாப் உடம்பிலேயே நிற்கும். டச் கன்ட்ரோலர் அளப்பதே மிக நுண்ணிய மாற்றம். அதில் இந்த இரைச்சல் கலந்தால் விரல் இருப்பதும் இல்லாததும் அதற்கு ஒன்றாகிவிடும். உலோக மூடியாக இருந்தால், சார்ஜ் போட்டிருக்கும்போது விரலின் பின்பக்கத்தால் லேசாகத் தடவுங்கள். சொரசொரவென்று ஒரு அதிர்வு தெரிந்து, சார்ஜரை எடுத்தால் வழவழப்பாகிவிட்டால் எர்த் சரியில்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத்தானே மூடுகிறீர்கள்? ஒரு வாரம் சார்ஜரைக் கழற்றிவிட்டு மூடி, கழற்றிய நிலையிலேயே காலையில் திறந்து பாருங்கள். மணல் காய்ந்து கிடக்கிற இடங்களில் எர்த் குழி சும்மா பேருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்வது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நல்லது. மலிவான இன்வெர்ட்டர் மின்சாரத்தில் மட்டும் கோளாறு வருகிறதா என்பதையும் பார்த்துவையுங்கள்.

தூக்கம்தான் காரணம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியவை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, பயாஸ், சிப்செட், இன்டெல் பிராசசர் என்றால் சீரியல் ஐஓ டிரைவர், டச் ஃபர்ம்வேர் இருந்தால் அதுவும், இவற்றின் புதிய பதிப்பை அங்கிருந்தே எடுத்துப் போடுங்கள். டிரைவரைத் தேடித் தருகிறேன் என்று சொல்லும் இலவச மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். பயாஸ் ஏற்றும்போது சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியும் நிறைய இருக்க வேண்டும். கரண்ட் போய் வருகிற நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு அப்டேட் வந்த பிறகுதான் தொல்லை என்றால் டிரைவரின் பிராப்பர்ட்டீஸில் ரோல் பேக் டிரைவர் என்று இருக்கும். அது மங்கலாக இல்லாவிட்டால் அழுத்திப் பழைய பதிப்புக்குப் போகலாம். பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதி தெரிந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை நிறுத்தலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், ஐ2சி வழியாக இணைந்த டச்சிலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை மிஷின்களிலும் பெரும்பாலும் இருக்காது.

ஷட் டவுன் செய்தும் சரியாகவில்லை, ரீஸ்டார்ட் செய்தால்தான் சரியாகிறது என்று பலர் சொல்வார்கள். அதில் மர்மம் ஒன்றுமில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் அல்ல. விண்டோஸின் மையப் பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்கில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படுகின்றன. ரீஸ்டார்ட்டில் அப்படி இல்லை. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். டச் கேலிபரேஷன் என்று விண்டோஸில் ஒன்று இருக்கிறது, அதை இதற்குப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது தொட்ட இடத்துக்கும் திரையில் தெரிகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்துவது. சரியான கேலிபரேஷனைக் கெடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. வழி கிடைக்கிற வரை, மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்நேட் (திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) என்று மாற்றிவிடுங்கள். திறக்கக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், டிரைவரின் நிலை இதிலும் டிஸ்கிலிருந்துதான் வருகிறது, ஆனால் மின்சாரம் நின்று வருவதால் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்க வாய்ப்பு அதிகம்.

கண்ணாடியைச் சுத்தம் செய்ய: அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், ஸ்பிரிட்டில் அவ்வளவாகக் கரையாது. நம் ஊர் போர்வெல் தண்ணீர் வேண்டாம், ஒரு உப்பை எடுத்து இன்னொன்றைப் பூசுவது ஆகும். ஜன்னல் துடைக்கிற நீலத் திரவமும் வேண்டாம். நேராகத் திரை மேல் தெளிக்கவே கூடாது. கீழ் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். அப்படியே டார்ச் அடித்து யுஎஸ்பி ஓட்டைகளின் உலோக ஓரத்தையும், அடிப்பக்க ஸ்குரூ தலைகளையும் பாருங்கள். பழுப்புத் துரு தெரிந்தால் உள்ளேயும் ஆரம்பித்திருக்கிறது, கடைக்காரர் சொன்னதில் பாதியாவது உண்மை. பளிச்சென்று இருந்தால் அவர் திறந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் கம்பெனிகள் திறக்கும்போது, இரண்டு மாதம் மூடியே கிடந்த லேப்டாப்புகள் வரும். கனெக்டரில் பச்சை பூத்திருப்பது அவற்றில்தான் அதிகம். தினமும் சூடாகிற மிஷின் அவ்வளவு சீக்கிரம் அரிப்பதில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று, மூடி திறந்திருக்க, பேட்டரியில், காய்ந்த மத்தியானத்தில், டிரைவரெல்லாம் புதிதாக இருந்தும் கோளாறு வருகிறது என்றால் ஹார்டுவேர்தான். உங்கள் மாடலில் பயாஸ் திரையில் டச் வேலை செய்யும் என்றால் அங்கே போய்ப் பாருங்கள். விண்டோஸே இல்லாத அந்த இடத்திலும் தானாகத் தொட்டால் மேற்கொண்டு சந்தேகம் வேண்டாம். அப்போதும் கடையில் முதலில் கேட்க வேண்டியது, கேபிளின் இரு முனையையும் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பச் செருகிப் பார்த்தீர்களா என்பதைத்தான். கனெக்டரைத் திறந்த நிலையில் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். மடிக்கிற மாடல்களில் டச் கண்ணாடியும் டிஸ்பிளேயும் ஒன்றாக ஒட்டியே வருவதால் மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். பழைய மிஷினுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகுமா என்பதை மிஷினைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. டிவைஸ் மேனேஜரில் டச்சை நிரந்தரமாக டிஸேபிள் செய்து வைத்துவிட்டு, கீபோர்டும் மவுஸும் வைத்து வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எழுதுவதற்கு அது போதும். எக்ஸலில் விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டு எழுதுகிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை.